வியாழக்கிழமைப் பக்கம்

அவளுக்கு மைக்ரான் என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒரு தலைமுடியின் தடிமனை எழுபதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு மைக்ரான். கேன்டீனில் டீ கால் டம்ளர் குறைந்தாலும் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அவள் கோபித்துக்கொள்ளவில்லை. எழுபதில் ஒன்று என்றால் பெருமைதானே என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்பா தையல்காரர். மகள் இன்ஜினியர் ஆகப்போகிறாள் என்று வேலைக்கான நீலக் கோட்டை அவரே தைத்துக் கொடுத்திருந்தார். மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியை வைத்துக்கொள்ள மார்புப் பக்கம் குறுகலாக ஒரு தனிப் பை. எங்கள் கல்லூரியில் வேறு யார் கோட்டிலும் அந்தப் பை கிடையாது.

எங்கள் படிப்பு ஆறு மாதம் வகுப்பில், ஆறு மாதம் தொழிற்சாலையில் என்று மாறி மாறிப் போகும். படித்ததைக் கையால் செய்து பழகலாம் என்று கல்லூரி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் எனக்கும் அவளுக்கும் கியர் பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலை கிடைத்தது. எந்த வாரம் எந்தப் பிரிவு என்று கல்லூரியே ஒரு சார்ட் போட்டுக் கொடுத்தது. அதன்படி எங்களுக்குப் பெரும்பாலும் இன்ஸ்பெக்‌ஷன் ரூம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கியர் மாட்டும் இரும்புத் தண்டுகளின் அளவு சரிபார்க்கும் வேலை.

அந்தக் கதவை நாங்கள் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இரண்டாம் நாளே போர்மேன் வந்து, ஆள் குறைவு, இன்றைக்கு மட்டும் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் நில்லுங்கள் என்றார். அந்த இன்றைக்கு மட்டும் நான்கு மாதம் ஓடியது. தகட்டை உள்ளே வை, பொத்தானை அழுத்து, எடு. கழுதைக்குப் பழக்கினாலும் செய்துவிடும். இதற்கா கணக்கும் இயந்திரவியலும் படித்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதை யாரிடமும் வாய்திறந்து சொன்னதில்லை. வயிற்றெரிச்சலை வயிற்றிலேயே வைத்துக்கொள்கிற ரகம் நான்.

அவள் சொன்னாள். பயிற்சியை மேற்பார்வையிட மாதம் ஒருமுறை வரும் எங்கள் விரிவுரையாளரிடம், டைரியில் என்ன எழுதுவது, பிரஸ் என்று எழுதட்டுமா என்று நேராகவே கேட்டாள். சார்ட்டில் இருப்பதை எழுதினால் ஆறு மாதம் செல்லும், மற்றதை எழுதினால் செல்லாது என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

டைரி என்றால் தினமும் என்ன வேலை செய்தோம் என்று எழுதிக் காட்டவேண்டிய நோட்டு. விரித்தால் ஒரு வாரம். இடப்பக்கம் திங்கள், செவ்வாய், புதன். வலப்பக்கம் வியாழன், வெள்ளி, சனி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போர்மேன் கையெழுத்து வேண்டும். சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் பறப்பார், கையில் சிக்கமாட்டார். அதனால் திங்கள் காலையிலேயே வாரம் முழுவதுக்கும் போட்டுக்கொடுத்துவிடுவார். மைக்ரான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வராத நாட்களுக்குச் செய்யாத வேலையை முத்து முத்தாக எழுதி முடிப்பாள். நான் காலிப் பக்கத்திலேயே கையெழுத்தை வாங்கிக்கொண்டு, புதன்கிழமை வாக்கில் அவள் டைரியை வாங்கி, எண்களை மட்டும் கொஞ்சம் மாற்றிக் காப்பியடிப்பேன்.

அந்தப் புதன்கிழமையும் அவள் டைரி என் பையில்தான் இருந்தது.

பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று போர்மேன் ஒரு பொத்தானில் மரக்குச்சியைச் செருகி எப்போதும் அழுந்தியே இருக்கும்படி வைத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளை முடிந்து அரை மணி நேரம் இருக்கும். அவள் வலது கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்கிவிட்டது. அடுத்த பிரஸ்ஸில் நின்ற நான் திரும்பினேன். அவள் கத்தவில்லை. "மெஷினை நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். மூன்று விரல்கள் போய்விட்டன.

அன்று சாயங்காலம் விரிவுரையாளர் என் அறைக்கு ஆள் அனுப்பி, இரண்டு டைரியும் காலையில் அலுவலகத்துக்கு வந்தாகவேண்டும் என்றார். அவள் டைரியைத் திறந்தேன். வலப்பக்கத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்றும் எழுதி, அடியில் கையெழுத்தும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கப்போகிற நாட்களில் அவள் தண்டுகளை அளந்துகொண்டிருந்தாள். இதை யாராவது பார்த்தால் டைரி மொத்தமும் பொய் என்று தெரிந்துவிடும், என்னுடையதும் சேர்த்து. அவள் மானமும் போய்விடுமே, அவளுக்கும் இதுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். நான் பயந்தேன். அந்தத் தாளைத் தையல் ஓரமாகப் பிசிறில்லாமல் கிழித்தேன். பிறகு மிச்சமிருந்த திங்கள், செவ்வாய், புதனை என் டைரியில் காப்பியடித்தேன்; கையெழுத்து மட்டும் இருந்த என் வலப்பக்கத்தையும் அப்படியே கிழித்தேன்.

பத்து நாள் கழித்து விசாரணை. மேலாளர், போர்மேன், விரிவுரையாளர், கட்டுப் போட்ட கையோடு அவள், பக்கத்தில் அவள் அப்பா. வேலையில் நடந்த விபத்து என்று முடிவானால் சிகிச்சையும் நஷ்டஈடும் கம்பெனி பொறுப்பு, அவள் படிப்பும் தொடரும். சொல்லாமல் கொள்ளாமல் போய் அடிபட்டாள் என்றால் ஒன்றும் கிடையாது. போர்மேன் அவள் டைரியைக் காட்டினார். "இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்க வேண்டிய பொண்ணு. என்னைக் கேக்காம பிரஸ் பக்கம் போயிருக்கு. அதோட கையெழுத்துலயே இருக்கு பாருங்க."

அவள் பதறவில்லை. ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதும் எழுதிவிடுவது வழக்கம் என்று விளக்கினாள். பிறகு, "வியாழக்கிழமையைப் பாருங்க சார்" என்றாள். "வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் எழுதியிருக்கேன். நான் ஆஸ்பத்திரியில இருந்த நாள். எந்தக் கையால எழுதியிருப்பேன்?"

மேலாளர் புரட்டினார். புதனுக்குப் பிறகு அடுத்த வாரத்தின் காலிப் பக்கம் வந்தது. டைரியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் இடது கையால் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று மேலாளர் என்னைக் கேட்டார். இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் இருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன் என்றேன். என் டைரியும் அதையே சொன்னது. பிரஸ்ஸில் நின்ற வேறு யாரையும் அவர்கள் கூப்பிடவில்லை.

வெளியே வந்ததும் அவள் அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் மெஷினை நிறுத்தலைன்னா முழுக் கையும் போயிருக்கும் தம்பி" என்றார். கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அவளுடைய ஆறு மாதம் ரத்தானது. மறுபடி பயிற்சிக்கு எடுக்க எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை, படிப்பு அங்கேயே நின்றது. பாவம் பார்த்து அதே கம்பெனி உதவியாளர் வேலை கொடுத்தது. இன்ஸ்பெக்‌ஷன் ரூமில். தண்டுகளை அளக்கும் வேலை. நான் பட்டம் வாங்கினேன், இன்ஜினியர் ஆனேன், மூன்று கம்பெனி மாறினேன். அவள் டைரியில் கிழித்த தாள் என் சான்றிதழ்க் கோப்பில் பட்டத்துக்கு அடியிலேயே கிடந்தது. ஏன் தூக்கிப் போடவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் ஓய்வு பெற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டு போன மாதம் போனேன். இரண்டாவது மாடியில் ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலோரம் அப்பாவின் தையல் மெஷின். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். தண்ணீர் கொடுத்தாள். தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமை அறுபது தண்டுன்னு போட்டிருக்கேன்" என்றாள். "ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல முடியாது. இப்பத்தான் தெரியுது."

மனசு கேக்கலை, அதனால்தான் வந்தேன் என்று எப்படியோ சொன்னேன்.

"முப்பத்தேழு வருஷம் கேட்டுச்சே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "என் டைரி உங்கிட்டதானே இருந்தது. விசாரணை நடந்த அந்த ரூம்லயே தெரிஞ்சுபோச்சு. நீயா சொல்லுவேன்னு ஒரு வருஷம் பார்த்தேன்."

நீயே சொல்லியிருக்கலாமே, அப்பாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னத்த வச்சு நிரூபிக்கிறது? அப்பாகிட்ட சொல்ல வாய் வரலை. மெஷினை நிறுத்தின தம்பி நல்லா இருக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தார். அவருக்கு அது ஒண்ணாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்."

தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். இருக்கிற இரண்டு விரலால் மடிப்பை நீவி என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போ. எனக்கு இது தேவைப்பட்ட நாள் போயாச்சு."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் படியிறங்குவதற்கு முன்பே அவள் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.