மைதீன் அண்ணாச்சி வாங்கி வைத்த கட்டில்

மைதீன் அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனைப் பார்த்தால், மேலப்பாளையத்திலிருந்து அவர் மகன் காஜாவின் வாய்ஸ் மெசேஜ். "அக்கா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு வந்து சாஞ்சாங்க, அவ்வளவுதான். கஷ்டப்படலக்கா..."

பால் பொங்கி வழிந்தது. துடைத்துக்கொண்டே அழுதேன்.

ஆனால் கூடவே ஒரு நிம்மதி, அதை மறைப்பானேன்? போன மாதம் லீவில் ஊருக்குப் போனபோது எங்கள் மகள் எஸ்தரை அவர் கண்ணில் காட்டிவிட்டோம். அதற்கு முன்னால் இந்தச் செய்தி வந்திருந்தால் என் மனசு ஆறியே இருக்காது.

மஸ்கட்டில் எங்கள் பில்டிங்குக்குக் கீழே பக்காலா வைத்திருந்தார் அண்ணாச்சி. நம்ம ஊர் மளிகைக் கடைதான். ஊருக்கெல்லாம் அவர் பாய், பாளையங்கோட்டைக்காரர்களான எனக்கும் என் வீட்டுக்காரர் ஜெபராஜுக்கும் அண்ணாச்சி. அந்தக் கடையில் கறிவேப்பிலையும் இலவசம், அறிவுரையும் இலவசம்.

தத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு நாங்கள் காத்துக் கிடந்த காலம். குழந்தை இந்தியாவிலிருந்து வரவேண்டும், நாங்கள் இருப்பது மஸ்கட்டில். முதலில் தத்து விசாரணைக்கு ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு எதுவும்.

வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தோம். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை மட்டும் காலி... ஒரு கிலுகிலுப்பைகூட இல்லை.

பிள்ளை வருவதற்கு முன்னால் பிள்ளைச் சாமான் வாங்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். நான் ஒருமுறை வாங்கினேன். தொட்டில், கொசுவலை, குட்டி சாக்ஸ், எல்லாம். ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை இல்லாமல் போயிற்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார், எனக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி வாங்க எனக்குக் கை வரவில்லை.

மேடம் வருகிற அன்றைக்குக் காலையில் தண்ணீர் கேன் போட வந்த அண்ணாச்சி அந்த அறையை எட்டிப் பார்த்தார். "என்னவே ஜெபராஜு, அந்த மேடம் எதப் பாத்துட்டுப் போவாவ? செவத்தையா?"

"முன்னாலயே வாங்கக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றேன் நான்.

"நீங்க வாங்கக் கூடாது. நான் வாங்கலாம்லா? வாங்கியாச்சுவே, என்னைக்கோ!"

கடைக்குப் பின்னால் குடோனில், அரிசி மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவிலிருந்து ஒரு குட்டிக் கட்டில் அவர் தலையில் ஏறி மேலே வந்தது.

மேடம் மலையாளி, சிரிக்காத முகம். பால்கனிக் கம்பி வரைக்கும் ஆட்டிப் பார்த்தார். கட்டில் பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுளித்தார். "வெங்காய வாசனை?"

"பக்கத்து ஃப்ளாட்டில் சமையல், மேடம்." சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிற என் வீட்டுக்காரர் கூசாமல் சொன்னார்.

மேடம் கிளம்பிப் போனதுமே எனக்குப் பழைய பயம் வந்து அண்ணாச்சியை மேலே கூப்பிட்டேன். "அண்ணாச்சி, கட்டில கீழ கொண்டு போயிருங்க. பிள்ள வந்த பொறவு ஏத்திக்கிடலாம்." அவர் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஜெபராஜ் பின்னால் போனார்.

மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போன மேடம், அதை எடுக்க அதே படியில் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"வாடகைக் கட்டிலா?"

மேலே வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் போச்சு. பொய் சொல்லுகிறவர்களை நம்பி யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

அண்ணாச்சி கட்டிலை இறக்கக்கூட இல்லை. "வாடக இல்லம்மா, நான் வாங்குனது. இந்தத் தங்கச்சி முன்ன ஒருக்க எல்லாம் வாங்கி வச்சிட்டு ஆசுபத்திரியில இருந்து வெறுங்கையோட வந்தவ. அந்தப் பயம். அதான் நான் வாங்கி என் கடையில வச்சிருக்கேன். இன்னும் கெடக்கு, வந்து பாருங்க."

நானும் கீழே இறங்கிப் போனேன். குடோனில் ஒரு அட்டைப் பெட்டி. டவல், தொப்பி, கவுன், ரப்பர் வாத்து... அத்தனையும் மஞ்சள். "ஆணா பொண்ணான்னு தெரியாதுல்லா" என்றார்.

மேடம் அந்த வாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எங்க வீட்டிலும் பிறக்கறதுக்கு முன்னாடி வாங்க மாட்டோம். ஆனா, நீங்க காத்திருக்கிற குழந்தை எங்கேயோ பிறந்திருக்குமே? கட்டிலை மேலே கொண்டு வைங்க" என்றார் என்னிடம்.

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அண்ணாச்சியோடு சேர்ந்து நானும் ஒரு பக்கம் பிடித்து மேலே ஏற்றினேன்.

எங்களுக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் கோர்ட், பாஸ்போர்ட், விசா என்று இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் உடம்புக்கு முடியாமல் அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும்.

"யம்மா, கட்டில்ல ஆள் வந்தாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"வரும், வரும். துஆ செய்யுதேன்."

சில வெள்ளிக்கிழமை அந்தப் போனை நான் எடுத்ததில்லை... வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு அதே பதிலைச் சொல்ல முடியவில்லை.

எஸ்தர் வந்து அந்தக் கட்டிலில் படுத்துத் தூங்கிய மத்தியானம், என் அம்மாவுக்கும் முன்னால் அவருக்குத்தான் போன் போட்டேன். "வந்தாச்சு அண்ணாச்சி! தூங்குதா!" என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு அதட்டல். "பிள்ள தூங்குதுன்னா எதுக்கும்மா இப்படிச் சத்தம் போடுத? போன வையி!"

போன மாதம் மேலப்பாளையத்தில் அவர் படுக்கையில்தான் இருந்தார். எஸ்தர் தன்னுடைய வாத்தை அவர் தலையணை பக்கத்தில் வைத்து, தட்டிக் கொடுத்தாள். "ஏட்டி, எனக்கே தாரியா?" என்று அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. கிளம்பும்போது மறக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டாள் கள்ளி.

இப்போது அவளுக்குக் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெரிய கட்டில் வாங்க வேண்டும்.

போயிட்டு வாங்க அண்ணாச்சி.

கட்டில்ல ஆள் இருக்கு. இன்னும் எந்திரிக்கல... நான் பையத்தான் அழுதேன்.