பருப்புக்குள் ஒரு சீஸ் தோல்

முந்தின வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒருவர் சாப்பிட வந்தார். பெயர் வேண்டாம். சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்கள் தளத்திலேயே இருப்பவர். பருப்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

"அண்ணை, பருப்புக்குள்ள என்ன போட்டனீங்கள்? இப்பிடி ஒரு ருசி!"

நான் வேலை செய்வது இத்தாலியர் ஒருவரின் ரெஸ்டோரண்ட் சமையலறையில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு இந்த வயதில் சீஸ்தான் பாடம். பெக்கொரீனோ என்ற சீஸ் செம்மறியாட்டுப் பாலில் செய்வது, உப்பு அதிகம். பார்மசானை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தூவ வேண்டும், இல்லாவிட்டால் கட்டிபட்டுவிடும். அதன் காய்ந்த தோலைக்கூட எறியமாட்டார்கள்... சூப்பில் போட்டு அவிப்பார்கள்.

சூப்பில் போடலாமென்றால் பருப்பில் போடக்கூடாதா? பனிக்காலம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் போட்டேன் — என் மனைவிக்காக.

அவளுடைய தம்பியை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. அவன் வெளியே வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு விரதம்; ஒரு நேரம்தான் சாப்பாடு, அதுவும் மரக்கறி. அந்த ஒரு நேரமாவது ருசியாக இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

"சீஸ் தோல்" என்று பெருமையாகச் சொன்னேன்.

வந்தவர் சிரித்தார். "அக்கா, அப்ப உங்கட விரதம் பாழ்! கன்றுக்குட்டியின்ர இரைப்பையில எடுக்கிற சாமானை விட்டுத்தான் உந்தச் சீஸுக்குப் பாலை உறைய வைக்கிறவங்கள். தெரியாதோ?"

மனைவி சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கை கழுவினாள்.

"நான் சொல்லாட்டி ஆர் சொல்லப்போகினம்?" என்றார் அவர். பிறகு பாயாசம் கேட்டார்!

கோபம் வருமா, வராதா? என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே! கன்றுக்காக இரக்கப்பட்டவரா இவர்? வெள்ளிக்கிழமையில் இவர் கோழிக்கால் கடிப்பதை நானே கண்டிருக்கிறேன். தம்பிக்காகப் பட்டினி கிடக்கிறவளுக்கு மட்டும் சட்டம் சொல்ல வந்துவிட்டார்!

அடுத்த நாள், எங்கள் ரெஸ்டோரண்டுக்குச் சீஸ் தரும் கடைக்காரியிடம் கேட்டேன். "ஓம், கன்றின் இரைப்பைதான். பார்மசானை வேறு எப்படிச் செய்வது?" என்றாள். விரதக் கதையைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. கொதிக்கிற பாலில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு விட்டு, திரைந்ததும் துணியில் வடிக்கச் சொன்னாள். தன் வீட்டில் அவள் ரிக்கோட்டாச் சீஸ் என்று செய்வது அதுதானாம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "தெரியாமல் தின்னதுக்குச் சாமி கோவிக்காதப்பா."

"சாமி கோவிக்காது. ஆனா எனக்கு மனம் கேக்குதில்லை. பிடிச்ச வெள்ளியெல்லாம் கணக்கில இல்லை; விரதத்தை முதல்ல இருந்து பிடிக்கிறன்."

முதலிலிருந்து! பனிக்காலம் முழுவதும் அவள் கிடந்த பசியை யார் திருப்பிக் கொடுப்பது?

நேற்று அவளுடைய புது விரதத்தின் முதலாவது வெள்ளி. தேசிக்காய் விட்டு வடித்த சீஸை, பொரித்த கத்தரிக்காயோடு ஸ்பகெட்டியில் பிரட்டினேன். மிளகும் தூவினேன். மனைவி ஒரு வாய் வைத்தாள்... தலையை ஆட்டினாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

கதவு தட்டப்பட்டது. அவரேதான்! உட்கார்ந்தார். சாப்பிட்டார். என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, இது அண்டைக்குச் சாப்பிட்ட பருப்பு மாதிரி வராது. அந்தச் சீஸ் தோல் கொஞ்சம் மிச்சம் இருக்கோ?"

எனக்குக் கூச்ச சுபாவம். நேரே பதில் சொல்ல வாய் வரவில்லை.

நல்ல காலம், நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியை அவர் ஒரு வாரமும் விடாமல் வாசிப்பவர்.