ஒரு சாக்குக் குப்பை

சந்திரகாந்தாவின் கண் பட்டுத்தான் பக்கத்து வீட்டு ஹமீமாவின் கொக்கோ மரங்களில் பூவெல்லாம் பிஞ்சாகாமல் உதிர்கிறது என்று பல்லேபொல ஊரில் பேச்சு. வெள்ளிக்கிழமை மரங்களை வெட்டப்போகிறார்களாம். தன் கண்ணுக்கு அவ்வளவு சக்தியா என்று பார்த்துவர, சந்திரகாந்தாவே வேலியைத் தாண்டினாள்.

ஹமீமா முகம் கொடுக்கவில்லை. அவள் கணவர் இத்ரூஸ் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். மரத்தடியோ சோறு கொட்டிச் சாப்பிடலாம் போலச் சுத்தமாக இருந்தது.

“இப்படி யாரு கூட்டினது?”

“சுகாதாரக்காரங்க டெங்கு பார்க்க வர்றாங்கன்னு நான்தான்” என்றாள் ஹமீமா. “சருகு, அழுகின காய்க்கோது எல்லாத்தையும் எரிச்சிட்டேன்.”

“அதுலதானே பொடிப்பூச்சி குடியிருக்கு. அது பூவுக்குப் பூ போனாத்தான் பிஞ்சு. வீட்டக் கொளுத்திட்டு ஆள் வேலைக்கு வரலன்னா எப்படி?”

“காய்க்கலன்னா?” என்றார் இத்ரூஸ்.

“என் கொக்கோ மரத்தையும் சேத்து வெட்டுங்க, இத்ரூஸ் நானா.”

தன் தோட்டத்துக் குப்பையில் ஒரு சாக்கு இழுத்து வந்து, “கடனாத்தான் தர்றேன்” என்று கொட்டினாள்.

பிறகு தினமும் வேலியோரம் போனாள். நேராகப் பார்த்தால் மறுபடி கண் என்பார்கள், ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். புதுப் பூக்களும் உதிர்ந்தன. வெள்ளிக்கிழமை வெட்டவில்லை என்றாலும், இத்ரூஸ் கத்தியை உள்ளே வைக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலை, அடிமரத்தில் விரலளவு பிஞ்சுகள் தெரிந்தன.

ஊர் இப்போது வேறு கண் தேடுகிறது. அந்தச் சாக்குக் குப்பையை மட்டும் ஹமீமா இன்னும் திருப்பித் தரவில்லை.