ஆறாவது வெடி

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு காதில் கேட்டால் போதாது, நெஞ்சில் இடிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான புதிதில், பெங்களூர் போய் முறம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். பிளைவுட்டில் பெட்டி அடித்து ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தார். அன்றிலிருந்து நான் பெண்டாட்டி இல்லை, அந்தப் பெட்டிக்குக் காது. நடுக்கூடத்தில் நில், வாசலில் நில் என்று விரட்டுவார். கூடத்தில் நின்றால் சத்தம் சப்பென்று இருக்கும். மூலையில் நின்றால் வயிறு அதிரும். கடைசியில் பெட்டியைப் பின்சுவர் மூலையில் ஒட்டித் தள்ளி, இடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் திருகை முழுசாக ஏற்றினார். அலமாரியில் டம்ளரெல்லாம் ஆடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் கடத்தூர்ப் பக்கம் மழையே இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றை மாமனார் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். அடியில் வெறும் பாறை, வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். வெடிக்காரர் குழி போட்டு மருந்து திணித்து, நீளம் நீளமாகத் திரி விட்டுப் பற்றவைத்து மேலே ஏறிவிடுவார். ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். வைத்தது ஆறென்றால் ஆறும் வெடித்த பிறகே ஆள் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

பக்கத்து மலையில் மோதிச் சத்தம் திரும்பி வருவதால் வெடிக்காரர் காதை நம்ப மாட்டார். எங்கள் வீட்டுப் பின்சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு, அதிர்வை எண்ணுவார். அவர் எண்ணிக்கை தப்பியதாக ஊரில் யாரும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் சத்தம் எவ்வளவு தூரம் வருகிறது என்று பார்க்க என்னை வைக்கோல் போர் வரைக்கும் அனுப்பியிருந்தார் வீட்டுக்காரர். அப்போது கிணற்றுப் பக்கமிருந்து "வெடி, வெடி" என்று வெடிக்காரர் குரல் வந்தது. நான் போருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். தரை குலுங்கக் குலுங்க எண்ணினேன். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் வீட்டுப் பக்கமிருந்து டொம்மென்று ஒரு மொட்டைச் சத்தம் வந்தது. அணைக்கிறபோது இவருடைய பெட்டி அப்படித்தான் இடிக்கும், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதோடு பாட்டு நின்றது. ஐந்தாவதுக்குப் பிறகு வெடியும் இல்லை.

நான் பின்பக்கம் வந்தபோது வெடிக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஆறும் ஆச்சு, எறங்குங்க" என்றார். மாமனார் கயிற்றைப் பிடித்து ஒரு காலைக் கிணற்றுக்குள் வைத்துவிட்டார். கடப்பாரையோடு முதலில் இறங்குவது எப்போதும் அவர்தான்.

மாமனார் முன்னால் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

"மாமா, எறங்காதீங்க. அஞ்சுதான் வெடிச்சுது."

ரெண்டு வெடி சேர்ந்து போயிருக்கும், பொம்பளைக்கு அது எங்கே பிரிந்து கேட்கும் என்று வெடிக்காரர் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். பாட்டுப் பெட்டி இடித்ததையும் சேர்த்து எண்ணிவிட்டீர்கள் என்று நான் சொன்னதும், கொல்லைக் கதவில் வந்து நின்ற என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. வெடி என்ற குரல் கேட்டதுமே பாட்டை அணைத்துவிட்டாராம். ஊர் முன்னால் மானத்தை வாங்காதே என்றார்.

"கேட்டதுமேயா? இல்ல வெடி போயிட்டு இருக்கறப்பவா?"

பாட்டுச் சத்தத்தில் குரல் அவருக்கு எங்கே கேட்டிருக்கும்? வெடி குலுக்கிய பிறகுதான் ஓடிப் போய் அணைத்திருக்கிறார்.

"மறுக்கா போட்டு அணைங்க. வெடிக்காரரு செவுத்துல சாஞ்சு பாக்கட்டும்."

மாமனார் கயிற்றை விடவில்லை. காலையும் எடுக்கவில்லை. வெடிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போய்ச் சுவரில் முதுகை வைத்துக் காதைப் பொத்தினார். உள்ளே என் வீட்டுக்காரர் சுவிட்சைப் போட்டார். பாட்டு ஓடியவரை வெடிக்காரர் அசையவில்லை. அணைத்தார்.

டொம்.

வெடிக்காரர் முகம் வெளுத்துப் போனது. எழுந்து வந்து மாமனாரின் கையைப் பிடித்து இழுத்து மேட்டில் உட்காரவைத்தார். வீட்டுக்காரர் வெளியே வந்து வெடிக்காரர் முகத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. சொன்னது சரியாகப் போனதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் வெடிக்காரர் ஒருவர் மட்டும் இறங்கினார். பாதியில் அவிந்துபோன திரியோடு ஒரு குழி அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் பக்கத்தில் ஒரு குழி போட்டு வெடித்தார். ரெண்டும் சேர்ந்து வெடித்ததில் கல் கூரை வரைக்கும் பறந்து வந்து விழுந்தது.

தூசி அடங்கியதும் எல்லோரும் கிணற்று மேட்டுக்கு வந்தோம். வெடிக்காரர் தலையாட்டினார். மாமனார் கயிற்றைப் பிடித்தார். ஆனால் வெடிக்காரரைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"எறங்கட்டுமா கண்ணு?"

முந்தின நாள் இருந்த கர்வமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் மேலே ஏறி வரும்வரை அந்த வெயிலில் மேட்டைவிட்டு நான் நகரவில்லை.