ஆரோக்கியமான பதினாலு பேர்

விநாயகமூர்த்தியின் ரத்தம் இல்லாமல் அந்தத் துறையில் ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை. யாங்கூனில், அதாவது நம் பழைய ரங்கூனில், ஒரு பல்கலைக்கழகத்தின் உடலியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, தராசைத் துடைப்பது, கரண்ட் போனால் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுவது, இவைதான் அவருடைய வேலை. ஆனால் எந்த மாணவர் எந்த நோயை ஆராய்ந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆட்கள் சிலர் வேண்டும். நோயாளிக்கு மருத்துவமனையில் பஞ்சமில்லை. ஆரோக்கியமான ஆளைத் தேடி யார் அலைவது? மூர்த்திதான் பக்கத்திலேயே இருக்கிறாரே! "ஊலே, கொஞ்சம் கையை நீட்டுங்கள்" என்பார்கள். ஊலே என்றால் பர்மியில் மாமா. மாமா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டுவார்.

எண்பத்தாறில் வேலைக்குச் சேர்ந்தபோது அவரைக் 'கோ மூர்த்தி' என்று அண்ணன் முறையில் கூப்பிட்டார்கள். எண்பத்தெட்டில் ஆட்சியை எதிர்த்து ஊர் கொந்தளித்தது, கல்லூரிகளை இழுத்து மூடினார்கள். பிறகு திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். மூடிக்கிடந்த வருஷங்களில்தான் அவர் கைக்கு ஓய்வு. திறந்ததும் தேங்கிக் கிடந்த மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் ஊசியோடு வந்து நின்றார்கள். தலை நரைத்ததும் அவர் 'ஊ மூர்த்தி' ஆனார். மரியாதை கூடியது, ஊசி குறையவில்லை.

அவருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எரிச்சல் எரிச்சலாக வரும். வீட்டுக்கு வந்து மனைவி ராதாவிடம், "என்னை என்ன பசுமாடுன்னு நெனச்சிட்டாங்களா?" என்று பொரிந்து தள்ளுவார். ஆனால் துறையில் ஒரு நாளாவது முடியாது என்று சொன்னாரா? சொல்லவில்லை. அங்கே அதற்கு அனாடே என்று பெயர். எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடுமே என்று நினைத்து, சொல்ல வேண்டியதைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்ளும் நல்ல பழக்கம். தமிழில் தாட்சண்யம் என்று ஒன்று நமக்கும் இருக்கத்தான் இருக்கிறது. மூன்று தலைமுறையாக ரங்கூனில் இருந்துவிட்டு அது போதாதென்று இதையும் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டாயிரத்து ஒன்றில் தன்டா என்ற மாணவி வந்தாள். வெறும் வயிற்றில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கும் ஆராய்ச்சி. ஆரோக்கியமானவர்கள் பதினாலு பேர் வேண்டும் என்றாள். மூர்த்தியைத் தவிர பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்று பேரையும் கூட்டிவரும் பொறுப்பும் மூர்த்தி தலையில்தான் விழுந்தது. தான் குடியிருந்த தாமுவேயில் தெருத் தெருவாகப் போய் ஆள் பிடித்தார். "ஓசியில டெஸ்ட்டு. ஏதாச்சும் கோளாறுன்னா சொல்லிடுவாங்க" என்று ஆசை காட்டினார். காலை ஆறு மணிக்கு எல்லோரையும் பட்டினியோடு வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்த வரிசைதான் எண். ராதாவின் தம்பி வடிவேல், தின்கன்ஜூனில் டாக்ஸி ஓட்டுகிறவன், வழியில் வண்டி நின்றுபோய்க் கடைசியில் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பதினாலாம் நாற்காலி. முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் மொய்ங்கா, மீன் குழம்பு ஊற்றிய அந்த அரிசி நூடுல்ஸ், கூட ஓர் அவித்த முட்டை.

இரண்டு மாதம் போனது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன மூர்த்தி, நம்ம ரத்தம் என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எல்லாம் நல்ல ஒடம்பு" என்று அவராகவே எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். வடிவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னுது யுனிவர்சிட்டி பாத்த ஒடம்பு அத்தான்" என்று, இவரைக் கண்டபோதெல்லாம் மார்தட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். மூர்த்தியின் கையை யாரும் கேட்கவில்லை. புது மாணவன் ஒருவன் ஊசியோடு அவரைத் தாண்டிப் போய்த் தரை துடைக்கிறவனிடம் ரத்தம் எடுத்தான். நியாயமாகப் பார்த்தால் அவர் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் ரத்தத்துக்கு என்ன கேடு என்று மனசுக்குள் குமுறினார். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுவும் அனாடேதான்.

இதற்கு நடுவில் கண் வேறு உயிரை வாங்கியது. குழாயில் அளவுக்கோடு தெரியவில்லை. முதலில் மின்சாரத்தைத் திட்டினார். பிறகு தாமுவே சந்தைப் பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருந்த பர்கத்துல்லாவைத் திட்டினார். இரண்டு வருஷத்தில் மூன்று கண்ணாடி.

"பாய், போன மாசம் போட்டது இந்த மாசம் ஆகமாட்டேங்குது. என்ன சரக்கு விக்கிறீங்க?"

"கண்ணாடி அப்படியேதான் இருக்கு மூர்த்தி. மாறுறது ஒங்க கண்ணு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"பதினேழு வருஷமா டாக்டருங்க நடுவுலதான் நிக்கிறேன். எனக்கு ஒண்ணுன்னா அவங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

இரண்டாயிரத்து நான்கில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆசிரியையாகிவிட்ட தன்டா, ஆராய்ச்சி அறநெறிப் பயிற்சி என்று இரண்டு நாள் வகுப்பு வைத்தார். மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் சேர்த்து. 'விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்' என்று சுற்றறிக்கை வந்தது. வராதவர்களின் பெயர் மேலிடத்துக்கு அனுப்பப்படும் என்று அதன் அடியிலேயே இருந்தது. நாற்பது தலை காட்ட வேண்டும், முப்பத்தேழுதான் தேறியது. நாற்காலி தூக்கிவந்த மூர்த்தியையும் உட்காரச் சொன்னார்கள்.

முதல் நாள் மூன்று தடவை கரண்ட் போனது. ஒவ்வொரு தடவையும் அறநெறியைப் பாதியில் விட்டுவிட்டு மூர்த்தி எழுந்து ஓடி ஜெனரேட்டரைக் கிளப்பிவிட்டு வந்தார். வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்தபோது சயாமா, அதாவது ஆசிரியை, கேட்டுக்கொண்டிருந்தார்: "ரத்தம் கொடுக்க விருப்பமில்லாத ஒருவர் மறுக்கலாமா?"

"மறுக்கலாம்!" என்று முப்பத்தேழு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல ஒரே குரலில் சொன்னார்கள். ஊசியோடு வந்தவர்களும் சொன்னார்கள், ஊசிக்குத்து வாங்கிய தரை துடைக்கிறவனும் சொன்னான். மூர்த்தி சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து வந்து சொல்கிறார்களே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் நாள் குழு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். கற்பனையான ஒரு சம்பவம், அதில் என்ன தவறு என்று விவாதிக்க வேண்டும். மூர்த்தியின் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதாகத்தான் தெரிந்தது. குழுவில் இருந்த மாணவி உரக்கப் படித்தாள்.

"ஒரு மாணவி ஆரோக்கியமான பதினாலு பேரின் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்தாள். இருவருக்கு மிக அதிகமாக இருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள் அல்ல என்பதால் ஆய்விலிருந்து நீக்கினாள். அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லோருக்கும் மொய்ங்காவும் அவித்த முட்டையும் கொடுத்து அனுப்பினாள்."

ஒரு மாணவன், "சின்னத் தவறுதான், கணக்கு சரியாக வந்திருக்கிறதே" என்றான். இன்னொருத்தி, "முட்டை கொடுத்தது ஆசை காட்டுவதாகுமா?" என்று கேட்டாள். முட்டையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். "ஊலே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று மரியாதைக்குக் கேட்டார்கள். அவர் எழுந்துபோய், யாரும் கேட்காமலே ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பர்மியில் கேட்டார்.

"சயாமா, முட்டை கொடுத்த ஆய்வு நம்முடையதுதானே?"

"ஆமாம், ஊலே."

"அந்த இரண்டு பேர்?"

தன்டா நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒருவர் நீங்கள்."

மூர்த்தி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தார்.

"நீங்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து எனக்காக உழைத்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அனாடேயாக இருந்தது. பேராசிரியர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன், நான் சொல்லிவிட்டேன் என்று அவர் நினைத்தார். இனி உங்களிடம் ரத்தம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லிவைத்தோம். அப்புறம் நான் வெளிநாடு போய்விட்டேன். திரும்பி வந்த பிறகும் வாய் வரவில்லை. அதனால்தான் அந்தத் தாளை எழுதினேன். நீங்கள் படித்துத் தெரிந்துகொள்வீர்கள் என்று."

"ஒரு வார்த்தை சொல்வதற்கு இரண்டு நாள் பயிற்சியா, சயாமா?" என்றார் மூர்த்தி. "எனக்குத்தான் படிக்கவே முடியவில்லையே!"

தன்டா அழுதுவிட்டார். மூர்த்திக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பாவப்படுகிற தன்மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. இன்னொருவர் யார் என்று கேட்டார். பெயர்ப் பட்டியலைக் கிழித்தெறிய வேண்டும் என்பது விதியாம், கிழித்துவிட்டார்களாம். எண் மட்டும் தன்டாவுக்கு ஞாபகமிருந்தது. பதினாலு. நாற்காலி போட்டு உட்கார வைத்தவருக்குப் பட்டியல் எதற்கு?

மறுநாள் காலையில் வீட்டில் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை எக்கச்சக்கம். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பாதிப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் இது நேர்ந்தே இருக்காது என்றும் சொன்னார். மூர்த்திக்கு அழுகை வரவில்லை. வடிவேலின் நினைவுதான் வந்தது. நாள் முழுக்க டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் கண் என்ன ஆயிற்றோ? நல்ல உடம்பு என்று சான்றிதழ் கொடுத்தது அவர்தானே! ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ் பிடித்துத் தின்கன்ஜூனுக்குப் போனார்.

வடிவேல் வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க அத்தான்" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டான். மழை பற்றிப் பேசினார்கள். பெட்ரோல் வரிசை பற்றிப் பேசினார்கள். அவன் மகள் வந்து பர்மியில் நலம் விசாரித்துவிட்டுப் போனாள். சொல்லித் தொலையேன் என்று மூர்த்தி தன்னையே நாலு தடவை திட்டிக்கொண்டார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"மாப்ள, அன்னிக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல, ஒனக்கு சக்கர இருந்திருக்கு. நேத்துதான் எனக்குச் சொன்னாங்க. வா, இப்பவே டாக்டர்கிட்ட போவோம்."

வடிவேல் திடுக்கிடவில்லை. துணியைப் பிழிந்து கதவில் போட்டான்.

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு வருஷமா மாத்திர சாப்பிடுறேன். காலு எரிச்சலா இருக்குன்னு போனேன், சொன்னாங்க."

"போன தீவாளிக்குக்கூட யுனிவர்சிட்டி பாத்த ஒடம்புன்னு சொன்னியேடா!"

"ஒங்க முன்னாடி மட்டுந்தான் அப்படிச் சொல்வேன். நீங்க ஆசையா கூட்டிட்டுப் போனீங்க. ஒண்ணுமில்லன்னு எவ்வளவு சந்தோஷமா வந்து சொன்னீங்க. அது தப்புன்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அனாடேயா இருந்துச்சு."

"ஒங்கக்காவுக்கு?"

"அக்காவுக்குத் தெரியும். அத்தான் மனசு கஷ்டப்படும், சொல்லாதன்னு அக்காதான் சொல்லுச்சு."

மூர்த்தி தலையில் பட்பட்டென்று அடித்துக்கொண்டார். "ஒரே ஒரு வார்த்த! நீ சொல்லியிருந்தா, நானும் ஒரு தடவ பாப்பமேன்னு போயிருப்பேனேடா. எனக்கும் சக்கர. எடது கண்ணு பாதி போச்சு. இனிமே வராதாம்."

வடிவேல் அப்படியே வண்டியில் சாய்ந்துவிட்டான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

மூர்த்தி வாயைத் திறந்தார். அவள் தாங்கமாட்டாளே, இரண்டு நாள் கழித்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தது ஞாபகம் வந்தது. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"இல்ல. வண்டிய எடு" என்றார்.

தாமுவேயில் வீட்டு வாசலில் இறங்கியதும் கதவைத் தட்டினார். உள்ளே போய் உட்கார்ந்தால் வாய் அடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். ராதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தம்பியையும் அவரையும் பார்த்து, "என்னங்க, ரெண்டு பேரும் சேந்து?" என்று சிரித்தாள்.

"ராதா, எனக்கு சக்கர வியாதி" என்றார் மூர்த்தி. "எடது கண்ணுல பாதிப் பார்வ போயிடுச்சு. ஒந்தம்பிக்கு இருக்குன்னு அன்னிக்கே நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும்."