இழுபறிக்கு ஒரு ரசிகர்

கனடாவின் பிறம்ரன் நகரில் லொறி ஓட்டும் றெமிஜியஸ் ஐம்பத்திரண்டு வயது வரை தனி ஆள். 2019 தை மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்குப் பிரித்தானிய அரசு கொண்டுவந்த உடன்பாட்டை நாடாளுமன்றம் தோற்கடித்த அன்று, அவர் வோபர்ன் பகுதியில் ஷாமிலாவின் கடையில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்தார். கணவரை இழந்த ஷாமிலா, லண்டனில் இருக்கும் தங்கையை நினைத்து அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் போட்டிருந்தார். இருவரும் பேசிப் பேசியே ரொட்டி ஆறிப்போனது.

பிறகு ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் றெமிஜியஸ் லீவு எடுத்து, சட்டை அயன் பண்ணி வந்தார். பங்குனியில் உடன்பாடு மூன்றாம் முறையும் தோற்றபோது எழும்பி நின்று கைதட்டினார்.

"நீங்கள் விலகுற பக்கமோ, இருக்கிற பக்கமோ?" என்று ஷாமிலா கேட்டார்.

"ரெண்டும் இல்லை. உது முடிஞ்சால் நான் என்னத்தைச் சொல்லி இஞ்ச வாறது?"

ஷாமிலா தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"உவையளை மாதிரி நாங்களும் இழுக்கத் தேவையில்லை. கேக்கிறதைக் கேளுங்கோ."

றெமிஜியஸ் கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன்பே ஷாமிலா "ஓம்" என்றார்.

லண்டனில் இன்னும் முடிவு வராதிருக்க, ஆனியில் இவர்களுக்குத் தேவாலயத்தில் கலியாணம் நடந்தது. விருந்தில் மாப்பிள்ளை ஆடிய ஆட்டத்தில் புதுச் சப்பாத்தின் அடி கழன்றது. அவர் வெறுங்காலோடு ஆடினார்.