ரேகை விழாத விரல்

குற்றாலம் சீசனுக்குக் குளியல் எண்ணெய்க் கடை போட்டேன். காலையில் வியாபாரம், பிறகு தென்காசியில் கல்லூரி. எத்தனை முறை கழுவினாலும் என் எண்ணெய் விரலை வருகைப்பதிவு மெஷின் ஏற்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்தும் ஆப்சென்ட்.

“அந்த மெஷின ஒடைச்சுப் போடப் போறேன்” என்று வீட்டில் கத்தினேன்.

பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “ஏட்டி, ரேஷன் கடையில எனக்கும் ரேக விழ மாட்டேங்கு. இலையத் தொட்டுத் தொட்டு வெரல் தேஞ்சிட்டு. போன மாசமும் வெறும் பையோடதான் வந்தேன்.”

“ஏம்மா சொல்லல?”

“நீயே கடை, காலேஜ்னு ஓடிட்டுக் கெடக்க.”

என் எண்ணெய் சீசனோடு போய்விடும். அம்மாவின் ரேகை திரும்ப வராது.

மறுநாள் கடையைத் திறக்காமல் அம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனேன். அம்மாவின் பத்து விரல்களில் ஒன்றைக்கூட அங்கிருந்த மெஷின் ஏற்கவில்லை. அதுவரை எனக்கு வந்ததெல்லாம் வெறும் எரிச்சல். அன்றுதான் கோபம் வந்தது.